வெள்ளைக்காது நாயைத் தேடிப் பத்து நாள்

1

இந்த லண்டனில் நாய்களை அவிழ்த்து விடுவதற்கென்றே பூங்காக்கள் இருக்கின்றன என்று எழுதினால், கொடைக்கானல் பஜாரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய புதிதில் நானும் சிரித்தவள்தான். நம்மூரில் நாய் பிறக்கும்போதே அவிழ்ந்துதான் பிறக்கிறது. ஏரிப் பக்கம் சங்கிலியோடு ஒரு நாய் நடந்து போனால் அது பங்களா நாய். பஜார் நாய்களெல்லாம் ஓரமாக நின்று அதை வேடிக்கை பார்க்கும். இங்கே எல்லா நாயும் பங்களா நாய்தான். வீட்டிலிருந்து கட்டி இழுத்து வந்து, பூங்கா வாசலில் கழற்றிவிட்டு, அது ஓடி முடித்ததும் மறுபடி கட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்காக மழையில் மணிக்கணக்காக நிற்கிறார்கள்.

போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், "வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி லேசா, சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதுங்கம்மா" என்று கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். லேசாக எழுத இந்த ஐப்பசியில் எனக்கு வாய்க்கவில்லை. பத்து நாளில் மூன்று நாய்ப் பூங்காக்களையும் ஒரு வாய்க்கால் கரையையும் அலசிவிட்டேன். எந்தப் பூங்காவுக்கு எந்த நேரத்தில் எந்த நாய் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இத்தனைக்கும் என்னிடம் நாய் கிடையாது. நாயைக் கண்டால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் மகள் பர்வீனை ஒரு நாய் கடித்துவிட்டது. அந்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

2

பர்வீனுக்கு எட்டு வயது. அவளுடைய தமிழ் மூன்று வயதோடு நின்றுவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்; நடுவில் என்ன விழுந்து போகிறது என்று இருவருக்கும் தெரியாது. அவளுடைய சிநேகிதி கிளேர் வீட்டில் ஒரு வயசான நாய் உண்டு. "அந்த வீட்டுக்குப் போ, விளையாடு, நாயைத் தொடாதே" என்று சொல்லித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுப்புவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளிக்க வைக்கலாம் என்று கூப்பிட்டால், காலுறையைக் கழற்ற மாட்டேன் என்றாள். குளிக்கப் போகிறவள் காலுறையோடு நிற்கிறாள். பிடித்து இழுத்தேன். கணுக்காலுக்கு மேலே பிளாஸ்திரி. அதைப் பிரித்தால் இரண்டு பல் தடம். ஓரமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"என்னடி இது?"

"விழுந்துட்டேன்."

"பொய் சொன்னா கொன்னுடுவேன். நாயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்து. குளத்துப் பார்க்ல. கிளேர் நாய் இல்ல, வேற நாய். பிரவுன் கலர். ஒரு காது மட்டும் வெள்ளை, ரைட் காது." இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கடைசியில் தமிழில், "அம்மா, கோபம் வேணாம்" என்றாள்.

எனக்குக் கோபமா வந்தது? பயம்தான் வந்தது. நாய் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவணும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவணும் என்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் பூத்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு ஓடினேன். வெள்ளை வெளேரென்ற குளியல் தொட்டியில் சேறும் தண்ணீருமாக ஓட, எண்ணி எண்ணிக் கழுவினேன். பர்வீன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டிவிட்டாள். "ஒண்ணுமில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன்" என்றேன். என் கையிலிருந்த மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

பஸ் டிப்போ வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், கதையைக் கேட்டுவிட்டு, "சின்னக் கடிதானே, நாளைக்கு டாக்டர்ட்ட காட்டு, இதுக்கு ஏன் இப்படி நடுங்குற?" என்றார். அவர் பழனிக்காரர். என் அக்கா காய்ச்சலில் இறந்தாள் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தோம். அது காய்ச்சல் இல்லை என்று நானும் சொன்னதில்லை.

3

டாக்டர் நல்ல மனிதர். காயத்தைப் பார்த்தார், மருந்து போட்டார், டெட்டனஸ் ஊசி குத்தினார், பர்வீனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். "வெறிநாய்க்கடி ஊசி?" என்று கேட்டேன். "அம்மா, இந்த நாட்டில் அந்த நோய் கிடையாது. வெளியிலிருந்து வருகிற நாயை ஆறு மாதம் அடைத்து வைத்த பிறகுதான் உள்ளேயே விடுகிறோம்" என்றார். கிடையாது என்றால் விமான நிலையத்தில் இறங்கினதும் கொட்டை எழுத்தில் அந்த நோயைப் பற்றி எச்சரிக்கை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அது யாருக்காம் என்று கேட்டேன். சிரித்தார். அது உள்ளே வராமல் தடுக்கத்தானாம். எவனாவது ஒருத்தன் கள்ளத்தனமாக ஒரு குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தால்? டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நம்மூரில் இதற்கு ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கே தெரியும். கடித்த நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்க வேண்டும். பத்து நாளும் தின்றுகொண்டு, குடித்துக்கொண்டு நடமாடினால் பயமில்லை. நடுவில் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சனிக்கிழமை ஒன்று என்று வைத்தால், டாக்டரைப் பார்த்த திங்கட்கிழமை மூன்றாம் நாள்.

அங்கிருந்து நேராக எங்கள் வட்டார நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நாய்களுக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. வரிசையில் நின்று, ஒரு படிவம் வாங்கினேன். நாயின் பெயர், உரிமையாளரின் பெயர், விலாசம், இதெல்லாம் எழுதினால் விசாரிப்பார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன் என்று கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "சரி, அந்த நாயை என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்றாள். எனக்கு வந்த இங்கிலீஷில், "அது செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்" என்றேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, நாய்களுக்குத் தீங்கு செய்வது குற்றம் என்று நிறுத்தி நிதானமாக எனக்கு எடுத்துச் சொன்னார். நாய் உயிரோடு இருக்க வேண்டுமே என்று துடித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த உபதேசம். படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று தெரிந்துபோயிற்று.

4

எங்கள் அத்தாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை. வெண்ணெய், ரொட்டி, டின் பால் என்று மிஷன் பங்களாக்களுக்குச் சரக்குப் போகும். என் அக்கா மைமூனுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. எழுபதுகளின் ஆரம்பம். வத்தலக்குண்டில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர்களின் பையனுக்கு அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

ஏரிக்குப் போகிற இறக்கத்தில் ஒரு பங்களா. அதில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒரு வருஷ விடுமுறையில் தங்கள் ஊருக்குப் போனபோது, ஜானி என்ற நாயைத் தோட்டக்காரர் மாரியப்பனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கீழே பள்ளங்கி கிராமத்திலிருந்து ஏறி வந்து வேலை பார்த்துவிட்டுப் போகிறவர் அவர். துரை இருந்தவரை ஜானிக்குச் சங்கிலி. துரை போனதும் அவிழ்த்துவிட்டார். அது பஜாருக்கு வந்து எங்கள் கடைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மைமூனக்கா காய்ந்த ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொண்டுபோய் ரகசியமாகப் போடுவாள். காவலுக்கு நான் நிற்பேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ரொட்டியை நீட்டினபோது ஜானி அவள் முன்கையைக் கவ்விவிட்டது. விளையாட்டுக் கடி இல்லை. கவ்விவிட்டு, வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு பங்களாப் பக்கம் ஓடிவிட்டது.

நான் "அத்தா" என்று கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத நூரு. வயித்துல பதினாலு ஊசி போடுவாக. மதுரைல போயிக் கெடக்கணும். நாய் கடிச்ச பொண்ணுன்னு வத்தலக்குண்டுல கேள்விப்பட்டா அம்புட்டுத்தான், கல்யாணம் நின்னுபோகும். ஜானியையும் அடிச்சே கொன்னுருவாக."

"ரத்தம் வருதேக்கா!"

"சுண்ணாம்பு வச்சுக்கிறேன். பத்து நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணுமில்லன்னு கம்பவுண்டர் சொல்லுவாருல்ல? நீ பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாத்தானே போற. தினமும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சொல்லு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அல்லா மேல ஆணையிடு."

ஆணையிட்டேன். கொடைக்கானல் குளிரில் எல்லோரும் முழுக்கை ஸ்வெட்டர்தானே. காயம் யார் கண்ணிலும் படவில்லை. வாரம் ஒருமுறை அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அம்மாவின் வழக்கம். அந்த வாரங்களில், "அம்மா இழுத்துப் பின்னுறா, நூரு தேச்சுவிடட்டும்" என்று சொல்லிவிட்டாள். தேய்த்துவிட்டது நான்தான்.

5

இனி நாய்ப் பூங்காக்களுக்கு வருகிறேன். ஆசிரியர் கேட்ட சிரிப்பு எங்காவது இருந்தால் இங்கேதான் இருக்கிறது.

முதலில் குளத்துப் பூங்கா. பர்வீன் கடி வாங்கியதாகச் சொன்ன இடம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலையில் கிழவர்கள், மத்தியானம் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தாய்மார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள். நாய்களும் அந்தந்த வயதுக்குத் தகுந்த மாதிரி. கிழவர்களின் நாய்கள் நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காதுகளை எண்ணினேன். கறுப்புக் காது, தொங்கு காது, கடிபட்ட காது. ஒற்றை வெள்ளைக் காது மட்டும் இல்லை.

இரண்டாவது மேட்டுப் பூங்கா. பஸ் ஏறிப் போக வேண்டும். பணக்காரர்கள் இருக்கிற பக்கம். அங்கே ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது, நாய்களின் பெயர் தெரியும். "பஞ்ச்சின் அம்மா" என்றுதான் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டார்கள். நாய் தப்புச் செய்தால் அதனிடம் நியாயம் பேசுகிறார்கள்: "நீ இப்படிச் செய்யலாமா? நான் எவ்வளவு வருத்தப்படுவேன்?" பெற்ற பிள்ளையிடம் நாம் அத்தனை மரியாதையாகப் பேசியிருப்போமா!

அங்கேதான் மானம் போயிற்று. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. நமக்கு இதற்கு என்ன தெரியும்? குனி, கல்லை எடுக்கிற மாதிரி பாவனை செய். கல் வேண்டியதே இல்லை. குனிந்தாலே நம்மூர் நாய் மூணு தெரு தாண்டி ஓடிவிடும். குனிந்தேன். அந்த நாய் என் முன்னால் வந்து உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, நான் எதை எறியப் போகிறேன் என்று என் கையையே பார்த்தது. அதைக் கண்டு இன்னும் நாலு நாய்கள் ஓடி வந்தன. இந்த ஊர் நாய்களின் மேல் யாரும் கல் எறிந்ததே இல்லை போலிருக்கிறது. ஐந்து நாய்களுக்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்து நின்றேன். சுற்றியிருந்தவர்கள், எனக்கு நாய்கள் என்றால் உயிர் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள்.

பிறகு அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் நடுவில் நின்று குனிவேன். எல்லா நாயும் என்னிடம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காதாகப் பார்ப்பேன்.

மூன்றாவது, ரயில் பாலத்துக்குக் கீழே அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் இருக்கிற பூங்கா. புல் பாதி, சேறு பாதி. மொட்டைத்தலை இளவட்டங்கள் பீர் டின்னோடு நிற்பார்கள். அவர்கள் நாய்களுக்கும் கழுத்து கிடையாது. முதல் நாள் "எங்கே வந்தே? உன் ஊருக்குப் போ" என்றான் ஒருவன். போயிருப்பேன். பிள்ளையின் உயிர் என்கிறபோது மானமாவது ரோஷமாவது. "ஒரு காது வெள்ளையாக ஒரு நாயைப் பார்த்தாயா தம்பி?" என்று கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். "எனக்குத் தெரிந்து இங்கே இல்லை" என்று ஒழுங்காகப் பதில் சொன்னான். மேட்டுப் பூங்காவில் அந்தக் கேள்விக்கு, "ஏன் கேட்கிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள்.

எட்டு நாள் ஓடிவிட்டது. வீட்டில் தையல் மெஷின் பக்கத்தில் நான் கூலிக்கு உள்துணி தைத்துக் கொடுக்க வேண்டிய கோட்டுகள் குவிந்து கிடந்தன. பர்வீன் ஒவ்வொரு நாளும் நான் ஈரச் செருப்போடு திரும்பி வருவதைப் பார்த்தாள். நான் அவளுக்குக் காலையும் மாலையும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்பாள். "குடி" என்பேன்.

6

மைமூனக்காவுக்கு முதலில் காய்ச்சல்தான் வந்தது. கடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குவளையைக் கிட்டே கொண்டுபோனதும் அக்காவின் தொண்டை இழுத்துக்கொண்டது. தாகம் தாகம் என்கிறாள், தண்ணீரைக் கண்டதும் அலறுகிறாள். சரக்கு ஏற்றி வந்த வண்டியிலேயே படுக்க வைத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். வத்தலக்குண்டு வழியாகத்தான் மதுரைக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டுக் கடை அந்த ரோட்டில்தான் இருந்தது.

மதுரையில் டாக்டர் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, ஆறிப்போன தழும்பைப் பார்த்து, "இது எப்ப கடிச்சது?" என்று கேட்டாராம். மூன்றாம் நாள் அக்கா மவுத்தானாள்.

அடக்கம் முடிந்து வந்து அத்தா அம்மாவிடம் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"தெரியாதா ஒனக்கு?"

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"வாரா வாரம் எண்ணெ தேச்சுவிடுறவ நீதானே? கல்யாணம் நின்னுரும்னு மறச்சுட்ட."

அந்த வாரங்களில் தேய்த்துவிட்டது நூரு என்று அம்மா சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை, "நான்தான் தேச்சுவிட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. அன்றிலிருந்து அத்தா அம்மாவிடம் பேசுவதில்லை. பதினேழு வருஷமாக. ஒரே வீடு, ஒரே சமையல். "சோறு வைக்கச் சொல்லு" என்று சுவரிடம் சொல்வார், அம்மா வைப்பாள். என் கல்யாணத்தன்றுகூடப் பேசவில்லை. போன தடவை நான் வந்திருந்தபோது அத்தாவுக்குக் கண் பார்வை போயிருந்தது; அப்போதும் அப்படியே.

7

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிளேர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த பர்வீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் பாத்தேன் அந்த நாய. குளத்துப் பார்க்ல. நல்லா இருக்கு. ஓடுது. நீங்க இனிமே போக வேணாம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைக் கொட்டாமல் நேராக என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிற பிள்ளை கண்ணைத் தாழ்த்தும் என்பார்கள். அதெல்லாம் சும்மா. துணிந்து பொய் சொல்கிற பிள்ளை நேராகத்தான் பார்க்கும். எனக்குத் தெரியும்.

"எந்தக் காது வெள்ளை?"

"லெஃப்ட்."

"போன வாரம் ரைட்டுன்னு சொன்ன."

அவள் வாய் கோணியது. ஓங்கி அறைந்தேன். இந்த ஊரில் பிள்ளையை அடித்தால் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வரும் என்பார்கள், வரட்டும். அறைந்த கையோடு கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பர்வீன் அடி வாங்கியதை மறந்துவிட்டுப் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக, எட்டு வயதுப் பிள்ளையிடம்.

ஜானியை நான் மூன்று நாள் பார்த்தேன். பங்களா வாசலில் படுத்துக் கிடந்தது. நாலாம் நாள் போனால் காணோம். மாரியப்பன், "நேத்து ராத்திரிலருந்து ஆளக் காணோம் பாப்பா. வாயில நொரையோட எங்குட்டோ ஓடிருச்சு. நீ அங்கிட்டு இங்கிட்டுத் திரியாத, வெரசா வீட்டுக்குப் போ" என்றார். வாயில் நுரை என்று அவர் சொன்னார். பதின்மூன்று வயதில் எனக்கு அதற்கு அர்த்தம் தெரியும். வீட்டுக்கு ஓடி வந்தேன். வத்தலக்குண்டிலிருந்து நிச்சயப் புடவை வந்திருந்தது. அம்மா அதை அக்காவின் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரிப் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். "பாத்தேன்க்கா, நல்லாத்தான் கெடக்கு" என்று அப்புறம் காதில் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயம். சொன்னால் அந்த வீடே இடிந்துவிடும் என்ற பயம். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள், நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாளே என்ற பயம். இப்படியே பத்தாம் நாள் வரைக்கும், "பாத்தேன், பாத்தேன்" என்று சொன்னேன். பத்தாம் நாள் அக்கா என்னைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

பர்வீன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா" என்றாள். "அது குளத்துப் பார்க்கே இல்ல."

"என்னது?"

"கெனால். பெரிய ரோட்டைத் தாண்டி. நீங்க போகக் கூடாதுன்னு சொன்ன இடம். கிளேரும் நானும் அவளோட அம்மாவுக்குத் தெரியாமப் போனோம். ஒரு போட்ல ஏறினோம். அந்த நாய் போட்ல இருந்துச்சு."

இத்தனை நாள் நான் மழையில் குனிந்து நின்ற பூங்காக்கள் எதிலும் அந்த நாய் கால் வைத்ததே இல்லை. அது தெரிந்துகொண்டே என் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை?

8

பத்தாம் நாள், திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வெள்ளனே கிளம்பி, பெரிய ரோட்டைத் தாண்டி, வாய்க்கால் கரைக்குப் போனோம். நீளநீளமாக வீட்டுப் படகுகள் கட்டிக் கிடந்தன. அதிலேயே குடியிருக்கிறவர்கள் உண்டு. பர்வீன் ஓர் இடத்தில் நின்றாள். "இங்கதான்." அங்கே படகு இல்லை. கரையில் கட்டியிருந்த இரும்பு முளையும், நசுங்கிய புல்லும்தான் இருந்தன.

பக்கத்துப் படகில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அங்கே இருந்த படகுக்காரர் சனிக்கிழமையே மேலே கிளம்பிப் போய்விட்டாராம், இரண்டு மதகு தள்ளி இருக்கலாம் என்றாள். "நாய்?" என்றேன். "நாய் எப்படியிருந்தது? பார்த்தீர்களா?" அவள் கவனிக்கவில்லை என்றாள்.

நடந்தோம். நடந்தோம் என்ன, ஓடினோம். ஒருபக்கம் சுவர், ஒருபக்கம் கறுப்புத் தண்ணீர், நடுவில் ஒற்றையடிப் பாதை. முதல் மதகில் இல்லை. பர்வீனுக்கு மூச்சு வாங்கியது. "நான் தண்ணி குடிக்கிறேன்தானே அம்மா, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நேற்று நான் சொன்ன கதையை இரவெல்லாம் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். படுபாவி நான், பிள்ளையையும் சேர்த்துப் பயமுறுத்திவிட்டேன். "ஒண்ணும் இல்லடா" என்றேன். என் குரலையே நான் நம்பவில்லை.

இரண்டாவது மதகைத் தாண்டி ஒரு பச்சைப் படகு. கூரைமேல் சாக்கு விரித்து ஒரு நாய் படுத்திருந்தது. பழுப்பு நிறம். தலையைத் தூக்காமல் கிடந்தது. நான் நின்றுவிட்டேன். பர்வீன்தான் போய், அவள் ஊர் வழக்கப்படி நாக்கைச் சுழித்து ஒரு சத்தம் கொடுத்தாள். நாய் எழுந்தது. வலது காது வெள்ளை. எங்களைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் வாய்க்காலே அதிர்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு கிழவர் வந்தார். பர்வீனை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "என் நாய் யாரையும் கடிக்காது. என் படகில் ஏறியது யார் குற்றம்?" என்று ஆரம்பித்தார்.

"எங்கள் குற்றம்தான். அது தண்ணீர் குடிக்கிறதா?" என்றேன்.

"என்ன?"

"இப்போது, என் கண் முன்னால், அதற்குத் தண்ணீர் வையுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

நீதிமன்றம், அபராதம் என்று எதையெதையோ எதிர்பார்த்து நின்ற மனிதர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தகரக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். நாய் இறங்கி வந்து மோந்து பார்த்தது. பிறகு குடித்தது. நாக்கு சப்புக் கொட்டுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிண்ணம் காலியானது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஊற்றினார். அதையும் குடித்தது.

யா அல்லா! ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிழவர் பதறிப்போய், உள்ளே போய் எனக்கும் ஒரு குவளை டீ கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த ஒரு வருஷமாக ரோட்டில் கை பிடிக்க விடமாட்டாள், கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று.

"நீங்க உங்க அம்மாட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"எதை?"

"ஜானி போயிட்டத. நான் உங்ககிட்ட சொன்னேன்ல, கெனால். அது மாதிரி."

"இல்ல."

"இப்பவும் இல்லியா?"

பெரிய ரோடு வந்தது; அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

9

ஏர்மெயில் தாள் மூன்றை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். "அன்புள்ள அத்தாவுக்கு" என்பதற்குமேல் பேனா நகரவில்லை. அதனால்தான் ஆசிரியர் கேட்ட வேடிக்கைக் கட்டுரையில் இதை எழுதுகிறேன். பஜார் முழுக்க வாசிக்கும் என்று தெரியும். வாசிக்கட்டும். அம்மாவைப் பார்த்துப் பதினேழு வருஷமாக முணுமுணுத்த பஜார்தானே.

அத்தா, உங்களுக்குக் கண் தெரியாததால் கடையில் யாராவது இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். அக்காவை நாய் கடித்தபோது பக்கத்தில் நின்றது நான். எண்ணெய் தேய்த்துவிட்டது நான். நாலாம் நாள் அந்த நாய் வாயில் நுரையோடு ஓடிவிட்டது என்று தெரிந்தும், நல்லா இருக்கு என்று சொன்னது நான். அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருக்கலாம், அக்கா பிழைத்திருப்பாள். பதினேழு வருஷமாக அம்மா வாங்கியது என்னுடைய தண்டனை. என்னை மன்னிக்க வேண்டாம், அதை நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது அத்தா. அவள் உங்களிடம் அன்றைக்குச் சொன்னது சத்தியம். கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போங்க, அவகிட்ட பேசுங்க.